ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்

1

எங்கள் அபார்ட்மெண்ட் வளாகத்தில் யாருக்கும் பல் வலிப்பதில்லை. முதுகு பிடிப்பதில்லை, மூட்டு வீங்குவதில்லை, கண் மங்குவதில்லை. டெக்ஸாஸில் இந்த இர்விங் ஊரின் தண்ணீர் அப்படி என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாம் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் வலிக்கிறது என்று சொல்லிக்கொள்வது ஊருக்குப் போன பிறகுதான்.

டிசம்பரில் கோயம்புத்தூரில் போய் இறங்கிய மறுநாளே நாங்கள் பல் டாக்டர், கண் டாக்டர், ரத்தப் பரிசோதனை என்று ஒரு சுற்று கிளம்பிவிடுவோம். பார்க்கிற சொந்தக்காரர்கள், "ஏனுங்க, அமெரிக்காவுல ஆஸ்பத்திரியே இல்லீங்களா?" என்று கேட்பார்கள். இருக்கிறது. பளிங்கு பதித்து, மீன் தொட்டி வைத்து, பெரிது பெரிதாக இருக்கிறது. அதற்காக ஒவ்வொரு சம்பளத்திலும் பிடிக்கவும் பிடிக்கிறார்கள். மருத்துவக் காப்பீட்டுக்கு ஒன்று. கிழவனான பிறகு வரப்போகும் பென்ஷனுக்கு சோஷியல் செக்யூரிட்டி என்று ஒன்று. கிழவனான பிறகு வரப்போகும் வைத்தியத்துக்கு மெடிகேர் என்று ஒன்று. இத்தனையையும் கொடுத்துவிட்டு, ஈறு வீங்கினால் கிராம்பை வாயில் அடக்கிக்கொண்டு டிசம்பருக்குக் காத்திருக்கும் கூட்டம் உலகத்திலேயே நாங்கள் ஒன்றுதான்.

இந்த ஜூனோடு நாங்கள் டெக்ஸாஸுக்கு வந்து ஆறு வருடம் நிறைகிறது. அதே ஜூனில் மூட்டை கட்டிக்கொண்டு திரும்புகிறோம். ஹாலில் பெட்டிகள் வாயைப் பிளந்து கிடக்கின்றன. விசாவுக்குக் காத்திருக்கும் தம்பி தங்கைகள் படித்து வைத்துக்கொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். எழுதும் எனக்கு மனசு சரியில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2

என் கணவர் தங்கவேல் புரோகிராமர். இர்விங்கிலேயே லாஸ் கொலினாஸ் பகுதியில் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் வேலை. அங்கே வேலை என்றாலும் சம்பளம் கொடுத்ததும் விசா வைத்திருந்ததும் வேறொரு கன்சல்டிங் கம்பெனி. ஆள் அனுப்பும் கம்பெனி என்றால் உங்களுக்குப் புரியும். எனக்குக் கிடைத்தது கூட வந்தவள் விசா, அதில் வேலைக்குப் போகக்கூடாது. எம்.எஸ்சி. கணிதம் படித்தவள், ஆறு வருடமாக இட்லி மாவுக்கு உளுந்து கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவருக்கு சுகர். நாங்கள் வந்த இரண்டாம் வருடம் ஊருக்குப் போனபோது தெரிந்தது. அவர் குடும்பத்தில் அது பூர்வீகச் சொத்து. என் மாமனார் மில்லில் மேஸ்திரியாக இருந்தவர். அவருக்கும் சுகர்தான். ஆனால் அந்த சுகருக்கு இருந்த மரியாதையே வேறு. ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி வரிசையில் நின்றுகொண்டு முன்னால் நிற்பவரிடமும் பின்னால் நிற்பவரிடமும் அளவு சொல்லி ஒப்பிட்டுப் பார்ப்பார். டீக்கடையில் நுழையும்போதே, "எனக்குச் சக்கரை போட்றாத கண்ணு, சுகரு" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்வார். டவுன் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் பாகற்காய்ச் சாறு சொல்வார், அதற்குப் பின் சீட்டுக்காரர் வெந்தயம் சொல்வார். நோய் அங்கே ஊர்ப் பொது விஷயம்.

இங்கே அது திருட்டுப் பொருள் ஆனது. அப்படி ஆக்கியவர் ரங்கநாதன் அங்கிள். இருபது வருடமாக அமெரிக்காவில் இருப்பவர், புதிதாக வந்தவர்களுக்கெல்லாம் குலகுரு. அவர் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பொங்கலும் கொத்சும் சாப்பிடப் போயிருந்தோம். சர்க்கரைப் பொங்கலை வேண்டாம் என்ற இவரைத் தனியாக கராஜுக்குக் கூப்பிட்டுக்கொண்டு போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"இங்க பாரு தங்கவேல், டாக்டர் கிட்ட போய் சுகர்னு உளறி வைக்காத. ஒரு தடவ ரெக்கார்ட்ல ஏறிடுச்சுன்னா போச்சு. நாளைக்கு நீ ஜாப் சேஞ்ச் பண்ணினா புது இன்ஷூரன்ஸ்காரன், இது ஏற்கெனவே இருந்த வியாதின்னு கைய விரிச்சிடுவான். க்ரீன் கார்டு மெடிக்கல் வேற இருக்கு. கார்டு கைக்கு வர்ற வரைக்கும் வாயத் திறக்காத."

"அப்ப மாத்திரைக்கு என்ன பண்றது அங்கிள்?" என்று நான் கேட்டேன்.

"ஊர்லேர்ந்து வரவழைச்சுக்கோ. நாங்கல்லாம் அப்படித்தாம்மா மேனேஜ் பண்ணினோம்."

அவர் சொன்னதில் பாதி பழைய கதை, மீதி புரளி. க்ரீன் கார்டு பரிசோதனையில் சுகரைப் பார்ப்பதே இல்லை என்று இந்த வருடம்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஆனால் அன்றைக்கு அது எங்களுக்கு வேதவாக்கு. கம்பெனி மாறாமல் இங்கே யாரும் காலம் தள்ளுவதில்லை, க்ரீன் கார்டு இல்லாமல் நிம்மதியும் இல்லை. அதனால் கோயம்புத்தூரிலிருந்து யார் வந்தாலும் அவர்கள் பெட்டியில் முருங்கைக்கீரைப் பொடிக்கும் பருப்புப் பொடிக்கும் நடுவே இவருடைய மாத்திரை வந்தது. மளிகை அலமாரியில், சீரக டப்பாவுக்குப் பின்னால் குடியிருந்தது. விருந்தாளி வந்தால் அலமாரிக் கதவைச் சாத்திவைப்போம்.

எங்கள் மகள் காவ்யாவுக்கு ஐந்து வயதில் இருமல் வந்து டாக்டரிடம் போனபோது, வீட்டில் யாருக்காவது சர்க்கரை நோய் உண்டா என்று நர்ஸ் கேட்டாள். இல்லை என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே குழந்தை, "மை டாட்..." என்று ஆரம்பித்தாள். தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினேன். காரில் வரும்போது, "அப்பா மாத்திரை விஷயம் வெளிய யார்கிட்டயும் சொல்லக்கூடாது. அது நம்ம வீட்டு விஷயம்" என்று இரண்டு பேருமாகப் பாடம் நடத்தினோம். கெட்டிக்காரப் பிள்ளை, ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள்.

3

போன வருடம் செப்டம்பர் கடைசி. சனிக்கிழமை காலை, ஃப்ரீவேயில் மளிகை வாங்கப் போய்க்கொண்டிருந்தோம். டெக்ஸாஸ் வெயில் கொளுத்துகிறது, வானத்தில் பஞ்சுத் துணுக்கு அளவு மேகம்கூட இல்லை. இவர் திடீரென்று வைப்பரைப் போட்டார். காய்ந்த கண்ணாடியில் அது கிறீச் கிறீச் என்று தேய்த்தது. பின்னால் காவ்யா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"எதுக்குங்க வைப்பர்?"

"கண்ணாடில முடி மாதிரி என்னமோ ஒட்டியிருக்குது பாரு. கறுப்பா நூல் நூலா."

கண்ணாடியில் ஒன்றும் இல்லை. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் அந்த நிமிஷத்தில் விளங்கிவிட்டது என்றுதான் நினைக்கிறேன். வைப்பரை நிறுத்தினார். அந்த நூல் அவர் கண்ணுக்குள் இருந்தது.

திங்கட்கிழமையே டாக்டரிடம் போகலாம் என்றேன். கெஞ்சினேன், சண்டை போட்டேன், இரண்டு நாள் பேசாமல் இருந்தேன்.

"டிசம்பர்ல டிக்கெட் போட்டிருக்குதல்ல. ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம் விடு."

"கண்ணுங்க. பல்லு மாதிரியா?"

"க்ரீன் கார்டுக்கு லேபர் சர்டிஃபிகேஷன் போய்ட்டிருக்குது. ஆபீஸ்ல வேற ஆளெடுக்கறது குறைஞ்சு போச்சு. இப்பப் போயி சீக்காளின்னு பேரு வாங்கோணுமா?"

கோழைத்தனம் என்று எழுதிவிட எனக்கும் ஆசைதான். ஆனால் அவர் பயந்தது எங்களுக்காக. அவர் வேலையில்தான் எங்கள் மூவரின் விசாவும் தொங்கிக்கொண்டிருந்தது. சம்பளம் கொடுப்பவனே தங்கும் உரிமையும் கொடுப்பவன், அவனே காப்பீடும் கொடுப்பவன் என்றால், மனிதன் தன் உடம்பையே எதிரியாகத்தான் பார்ப்பான். ஊரில் வேலை போனால் வேலை மட்டும்தான் போகும்.

டிசம்பரில் கோயம்புத்தூர் கண் மருத்துவமனையில் ஒரு பெண் டாக்டர், என்னைவிட இளையவள், அவர் கண்ணுக்குள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, "எங்கிருந்து வர்றீங்க சார்?" என்றாள். அமெரிக்கா என்றார். "அங்க இருந்துக்கிட்டா இவ்வளவு நாள் விட்டீங்க?" என்று கேட்டாள். உள்ளே ரத்தம் கசிந்து, விழித்திரை பிய்ந்து, இடது கண் போய்விட்டது. கிளம்பும் முன், ஜனவரி முதல் வாரத்தில், வலது கண்ணுக்கு லேசர் அடித்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டாயம் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் மறுபடி லேசர் அடிக்க வேண்டும், இல்லையென்றால் இதுவும் போகும் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினாள்.

ஜனவரியில் இர்விங் திரும்பினோம். ஆபீஸில், கண்ணில் இன்ஃபெக்ஷன் என்று சொல்லிக்கொண்டார். மூன்று மாதம் என்பது ஏப்ரலில் வந்தது. ஏப்ரலில் கண் டாக்டர் வரவில்லை. வேலை நீக்கம்தான் வந்தது.

4

அவர் கண்ணுக்காக நீக்கவில்லை. அதுதான் வேடிக்கை. கண் போன விஷயமே அவர்களுக்குத் தெரியாது. புராஜெக்ட் மூடியது, இருபத்திச் சொச்சம் பேரை அனுப்பினார்கள், அதில் இவரும் ஒருவர். மே கடைசி வரை சம்பளக் கணக்கில் இருப்பீர்கள், காப்பீடும் அதுவரைக்கும்தான், க்ரீன் கார்டு மனு அத்தோடு கைவிடப்படும் என்று மரியாதையாகச் சொன்னார்கள். அந்த மனு இல்லாமல் விசா ஆறு வருடத்துக்கு மேல் நீளாது. அதற்குப் பிறகும் காப்பீடு வேண்டுமானால் முழுப் பணத்தையும் நாமே கட்டிக்கொள்ள ஒரு திட்டம் இருக்கிறது. அதற்குப் பெயர் கோப்ரா. வைத்தவன் தெரிந்துதான் வைத்திருக்கிறான்.

விஷயத்தை ஃபோனில் சொன்னபோது மாமனார் பதறவில்லை. மில்லில் எத்தனை கதவடைப்பு பார்த்தவர்.

"போச்சாது விடு அம்மிணி. ஆறு வருஷம் சர்வீஸ் ஆச்சல்ல? பி.எஃப். செட்டில்மென்ட் பண்ணி வாங்கிட்டுப் பொறப்படுங்க. உடாதீங்க, அது நம்ம காசு."

இந்த பி.எஃப். கதையை நாங்களும் நம்பிக்கொண்டிருந்தோம். சம்பளச் சீட்டில் சோஷியல் செக்யூரிட்டி என்று போகும் பணத்தை ஆறு வருடமாக நாங்கள் இரண்டு பேரும் பி.எஃப். என்றேதான் சொல்லி வந்தோம். 'அது பாட்டுக்கு சேரட்டும், போகும்போது எடுத்துக்கலாம்' என்பது எங்கள் வீட்டு ஆறுதல் வாக்கியம். வேலையை விட்டு நின்றால் கையெழுத்துப் போட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு வரலாம் என்பது மில்லுக்குப் பக்கத்தில் வளர்ந்த எங்களுக்கு ரத்தத்தில் ஊறியது. மாமனார் வீடு கட்டியதே அப்படி வந்த பணத்தில்தான்.

சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்துக்கு மூன்று பேரும் போனோம். கவுண்டரில் இருந்த அம்மாள் கறுப்பினத்தவர், ஐம்பது வயதிருக்கும், முகத்தில் நல்ல சிரிப்பு. இவர் விஷயத்தைச் சொன்னார். திரும்பிப் போகிறோம், எங்கள் பணத்தை எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். அந்த அம்மாளுக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் சிரிப்பு மறைந்துவிட்டது.

"இது சேமிப்புக் கணக்கு இல்லை சார். உங்கள் பெயரில் ஒரு பெட்டியில் எதுவும் இல்லை. நீங்கள் கட்டியது இன்றைக்கு வயதானவர்களுக்குப் போய்விட்டது. பத்து வருடம் வேலை செய்திருந்தால் உங்களுக்கு வயதாகும்போது பென்ஷன் வரும்."

"பத்து வருஷம் வேலை செய்ய எனக்கு விசா கிடையாதே. ஆறு வருஷம்தானே கொடுக்கிறீர்கள்?"

"அது வேறு இலாகா" என்றாள் அந்த அம்மாள்.

சில நாட்டுக்காரர்களுக்கு ஒப்பந்தம் இருக்கிறதாம். இங்கே வேலை செய்த வருடங்களைத் தங்கள் ஊர்க் கணக்கோடு சேர்த்துக்கொள்வார்களாம். இந்தியாவோடு அப்படி ஒன்றும் இல்லை. நான் விடவில்லை. இவருக்கு ஒரு கண் போய்விட்டது, ஊனத்துக்கு என்று உதவி இருக்கிறதாமே என்று என் இங்கிலீஷில் கேட்டேன். அந்த அம்மாள் இவரைப் பார்த்தாள். அவள் கண்ணில் இரக்கம் இருந்ததை மறைக்க மாட்டேன். ஆனால் ஒரு கண் நன்றாகத் தெரிகிறவர் வேலை செய்யக்கூடியவர், அதனால் இந்தச் சட்டத்தில் ஊனம் ஆகாது என்றாள்.

வேலை செய்ய முடியும் என்பதால் உதவி இல்லை. வேலை செய்ய அனுமதி இல்லை என்பதால் வேலை இல்லை. கல்லூரியில் எனக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தவர்களால்கூட இந்தச் சமன்பாட்டைத் தீர்க்க முடியாது.

பார்க்கிங்கில் வந்து காரில் உட்கார்ந்தோம். இப்போதெல்லாம் நான்தான் ஓட்டுகிறேன். அழக்கூடாது என்று சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். இவர்தான் ஆரம்பித்தார்.

"டோரத்திம்மாவுக்குப் போன வருஷம் ரெண்டு கண்ணும் ஆபரேஷன் பண்ணாங்கல்ல?"

டோரத்தி எங்கள் கீழ்வீட்டுக் கிழவி. கண்புரை எடுத்த பிறகு படியேறி வந்து, எங்கள் வாசலில் போட்டிருந்த கோலத்தின் புள்ளிகளை எண்ணிக் காட்டிவிட்டுக் குழந்தை மாதிரி கைதட்டியவள். எல்லாம் மெடிகேர் பார்த்துக்கொண்டது, ஒரு காசு செலவில்லை என்று வாய் ஓயாமல் சொன்னாள்.

"ஆமா, அதுக்கென்ன இப்ப?"

"அது நம்ம பி.எஃப்.தான். போகட்டும், யாருக்காச்சும் தெரியுதே."

அவருக்கு அது சிரிப்பாக இருந்தது. எனக்கு இல்லை. டோரத்தி நல்லவள், அவள் கண் தெரிவதில் எனக்கு வயிற்றெரிச்சல் கிடையாது. ஆனால் வாராவாரம் ஓய்வில்லாமல் திரையைப் பார்த்துப் பார்த்து உழைத்து ஒரு தேசத்துக் கிழவிகளின் வைத்தியத்துக்குக் கொடுத்த மனிதனுக்கு, தன் கண்ணைக் காட்ட அந்த தேசத்தில் தைரியம் வரவில்லை. இதை எந்தத் தர்மத்தில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

5

போன வாரம் காவ்யாவின் டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். இரண்டாம் வகுப்பு முடியும் நேரம். ஊருக்குப் போவதால் பிரிவு உபசாரம் ஏதாவது இருக்கும் என்று நினைத்து முறுக்கு எடுத்துக்கொண்டு போனேன். டீச்சர் முறுக்கை வாங்கி வைத்துவிட்டு, காவ்யாவுக்குக் கரும்பலகை தெரியவில்லை என்றார். மாதக்கணக்காகப் பக்கத்துப் பெண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறாளாம். முன் வரிசைக்கு மாற்றியும் கண்ணை இடுக்குகிறாளாம்.

காரில் ஏறியதும் கேட்டேன்.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"இட்ஸ் ஓகே அம்மா."

"எது ஓகே? எத்தன நாளா தெரியல?"

"சின்ஸ் விண்டர். பட் ஐ கேன் வெயிட். வி ஆர் கோயிங் டு இந்தியா எனிவே."

எத்தனை பெருமையாகச் சொன்னாள் தெரியுமா? சமர்த்துப் பிள்ளை என்று நான் மெச்சிக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்த்த முகம். அடிக்கக் கை ஓங்கினேன். யாரை அடிக்க வேண்டும் என்று தெரியாமல் கையை இறக்கிக்கொண்டேன்.

கண் டாக்டரிடம் நேரம் கிடைத்தது மே மாதக் கடைசி நாளில். காப்பீட்டுக்கும் அதுவே கடைசி நாள். இவரும் கூட வந்தார். வெயில் கண்ணாடி போட்டுக்கொண்டு வெளியே வரவேற்பறையில், மீன் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். உள்ளே நர்ஸ் காவ்யாவை உயரமான நாற்காலியில் ஏற்றிவிட்டு, வழக்கமான கேள்விகளை வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். ஒவ்வாமை உண்டா, தலைவலி உண்டா. அப்புறம் அந்தக் கேள்வி. குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை நோய், கண் நோய் உண்டா?

நான் வாயைத் திறப்பதற்குள் காவ்யா என் புடவையைப் பிடித்து இழுத்தாள். நாங்கள் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லும் பிள்ளை, நர்ஸுக்குப் புரியக்கூடாது என்று தெளிவான தமிழில் என் காதில் சொன்னாள்.

"அம்மா, அதச் சொல்லக்கூடாதுல்ல?"

எங்கள் தமிழை அவள் எதற்கு வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று அப்போது தெரிந்தது.

"சொல்லலாம் கண்ணு" என்று உரக்கவே சொன்னேன். நர்ஸிடம் திரும்பி, "உண்டு. இவளுடைய அப்பாவுக்கு. ஒரு கண் போய்விட்டது" என்றேன்.

"யாரிடம் வைத்தியம் பார்க்கிறார்?"

"இந்த நாட்டில் யாரிடமும் இல்லை. வெளியேதான் உட்கார்ந்திருக்கிறார்."

நர்ஸ் எழுதுவதை நிறுத்திவிட்டு உள்ளே போய் டாக்டரிடம் ஏதோ சொன்னாள். காவ்யாவுக்குச் சாதாரணக் கிட்டப்பார்வைதான், கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்று ஆன பிறகு, அதே நாற்காலியில் இவரை உட்காரவைத்தார்கள். இத்தனை வருடத்தில் ஓர் அமெரிக்க டாக்டர் அவர் கண்ணைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. நல்ல மனிதர், வெகு பொறுமையாகப் பார்த்தார். வலது கண்ணில் புதிதாகக் கசிவு ஆரம்பித்திருக்கிறது, தள்ளிப்போட வேண்டாம், லேசர் நிபுணரிடம் தானே பேசி அடுத்த வாரமே நேரம் வாங்கித் தருவதாகச் சொன்னார்.

வரவேற்பறையில் இருந்த பெண், புதன்கிழமை காலை சௌகரியப்படுமா என்று இவரைக் கேட்டாள். இவர் என்னைப் பார்த்தார். நான் மீன் தொட்டியைப் பார்த்தேன். புதன்கிழமை எங்களுக்குக் காப்பீடு இருக்காது. எங்கள் விமானம் அதே வாரம் வெள்ளிக்கிழமை.

அந்தப் பெண் பேனாவோடு காத்திருந்தாள். காவ்யா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எம்பி நின்று, இன்னொரு கையால் தன் கண்ணைத் தொட்டுக் காட்டி, எங்களுக்காக நல்ல அமெரிக்க இங்கிலீஷில் சொன்னாள்.

"நோ தேங்க் யூ. வி டூ அவர் ஐஸ் இன் இந்தியா."